மூன்று நாளில் பாட்டு முளைக்குமா?

அயல்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாட்டெழுதக் கற்றுக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஆள் அழைப்பது இன்று ஒரு வழக்கமாகவே வேர்பிடித்துவிட்டது. தியாகராய நகரிலிருந்து ஒரு திரைப்பாடலாசிரியர், மயிலாப்பூரிலிருந்து ஒரு மரபுக்கவிஞர், அடையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப் பேராசிரியர் எனப் பெட்டி கட்டுவோர் பெருகி வருகிறார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், டொராண்டோ, கலிபோர்னியா என்று ஊர்கள் மாறுகின்றன, நிகழ்ச்சிநிரல் மாறுவதில்லை. மூன்று நாள் பயிற்சிப் பட்டறை. நான்காம் நாள் அரங்கேற்றம். ஐந்தாம் நாள் பொன்னாடையும் குழுப்படமும். ஆறாம் நாள் ஊர் சுற்றல். ஏழாம் நாள் மீனம்பாக்கத்தில் வந்திறங்கல். அடுத்த மாதம் ஏதேனும் ஓர் இதழில், கடல் கடந்து தமிழ் வளர்த்த கதை ஒன்று வண்ணப்படங்களுடன் வெளிவந்துவிடும்.

இவ்வழக்கத்தால் தமிழுக்கு நன்மை இல்லை என்பதே நம் கட்சி. நன்மை இல்லாதது மட்டுமன்று, தீங்கும் உண்டு என்றே கருதுகிறோம். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதக் கற்றுத்தர வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் கற்றுத்தர வேண்டும். யார் கற்றுத்தருவது, எவ்வளவு காலம், எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பவற்றில்தான் நம் வழக்கு.

அழைப்பு வராதவர்களின் வயிற்றெரிச்சல் இது என்று எண்ணுவோர் இருக்கக்கூடும் ஆதலால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கல்லூரி வகுப்பறையில் யாப்பருங்கலக்காரிகை நடத்தி வருகிறோம். இத்தகைய அழைப்பு நமக்கும் இருமுறை வந்தது. இருமுறையும் ஒரே கேள்வியைத்தான் எழுதிக் கேட்டோம்: "பட்டறை முடிந்த நான்காம் வாரம் அப்பிள்ளைகளோடு உட்காரப்போவது யார்?" இருமுறையும் அதற்கு விடை வரவில்லை, விழா மண்டபம் எத்தனை பேரைக் கொள்ளும் என்ற தகவல் வந்தது. நாம் போகவில்லை.

*

பாட்டுக் கட்டும் கலையை நம்மவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று சற்றே திரும்பிப் பார்ப்போம். மயிலாப்பூரிலிருந்தே தொடங்கலாம். பாபநாசம் சிவன் (1890–1973) திருவனந்தபுரத்தில் வடமொழி இலக்கணம் பயின்றவர். ஆனால் பாட்டை அவர் கற்றது கல்லூரி இருக்கையில் அமர்ந்தன்று. அதே ஊரில் நீலகண்ட சிவனின் பஜனைக் கூட்டங்களில் நின்று. கேட்டார், கூடப் பாடினார், ஆண்டுக்கணக்கில் அந்த நாதத்திலேயே ஊறினார். பின்னர் மயிலையில் குடியேறி, மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளை பஜனை பாடியபடி சுற்றி வந்தார். நடக்கிற காலும் தட்டுகிற கையும் நாவில் எழுகிற சொல்லும் ஒன்றோடொன்று இணங்கிப்போன பயிற்சி அது. கலாக்ஷேத்திராவின் தொடக்க ஆண்டுகளில் அவர் அங்கே ஆசிரியராகவும் இருந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்கள் மூன்று நாள் சான்றிதழுக்காக வந்தவர்கள் அல்லர்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வாழ்ந்தது இருபத்தொன்பது ஆண்டுகள். 1930இல் பிறந்து 1959இல் மறைந்தார். ஏட்டுக் கல்வி மிகக் குறைவு. வயலையும் கூலி வேலையையும் நாடக மேடையையும் பார்த்தவர். புதுச்சேரிக்குச் சென்று பாரதிதாசனிடம் மாணவராக இருந்தவர். அந்தப் பாரதிதாசன் யார்? 1909 முதல் 1946 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், பிரெஞ்சிந்தியப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன தமிழாசிரியர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் ஆசிரியர். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் இயற்றிய பெரியசாமித் தூரன், பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். இன்னும் பின்னே போனால், தஞ்சையில் பள்ளி நடத்திய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இருக்கிறார். அவருடைய கல்விக்குத் துணை நின்ற சுவார்ட்சு பாதிரியாரும் கடல் கடந்து வந்தவர்தாம். ஆனால் அவர் வந்து ஒரு கிழமை தங்கிப் பொன்னாடையுடன் திரும்பியவர் அல்லர். தம் எஞ்சிய வாழ்நாளை இம்மண்ணில் கழித்துத் தஞ்சையிலேயே மறைந்தவர்.

இவ்வரிசையை வெறும் புகழ்மாலையாக நாம் தொடுக்கவில்லை. இதில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. நவீனத் தமிழில் பிள்ளைகளுக்கான பாட்டு என்பது பெரும்பாலும் ஒரே ஊரில், ஒரே பிள்ளைகளோடு, ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருந்தவர்களால் உருவானது. எந்தச் சொல் குழந்தையின் வாயில் நிற்கும், எது வழுக்கி விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வங்கியில் பணிபுரிந்த அழ. வள்ளியப்பாகூடத் தனியாளாய் நின்றுவிடவில்லை. 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைத்து எழுதுவோரையும் பிள்ளைகளையும் ஓரிடத்தில் சேர்க்கப் பாடுபட்டார்.

கடல் கடந்து கற்பிப்பதும் நமக்குப் புதிதன்று. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்து மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதனும், பிறகு அவருடைய தம்பியார் புல்லாங்குழல் டி. விசுவநாதனும் கற்பித்தார்கள். தமக்கையார் டி. பாலசரசுவதியும் அங்கே நாட்டியம் கற்பித்தார். அந்த வகுப்பறையில் தொடங்கி, பின் சென்னைக்கே வந்து தங்கிப் பயின்று, கருநாடக இசை மேடையில் ஏறிப் பாடினார் ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்கர். ஆண்டுக்கணக்கான குருகுலம் அது. அயல்நாடு செல்வதில் குற்றமில்லை. அங்கே போய் அமர்ந்துவிடாமல் பறந்து திரும்புவதே குற்றம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

*

சரி, அந்த மூன்று நாளில் என்னதான் நடக்கிறது? சென்று வந்த நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முதல் நாள் எதுகை, மோனை, இயைபு ஆகியவற்றின் வரையறை. இரண்டாம் நாள் புகழ்பெற்ற திரைப்பாடல் ஒன்றின் மெட்டு ஒலிக்கும். அதற்குரிய தத்தகாரம் பலகையில் எழுதப்படும். மூன்றாம் நாள் பிள்ளைகள் அத்தத்தகாரத்தின் கட்டங்களில் சொற்களை இட்டு நிரப்புவார்கள். தாய்மொழி, நட்பு, இயற்கை, அம்மா ஆகிய நான்கனுள் ஒன்று தலைப்பு. மாலையில் அரங்கேற்றம், பெற்றோர் கண்கலங்குவர்.

மெட்டுக்கு எழுதுவதை நாம் இழிவாகக் கருதவில்லை. கோடம்பாக்கம் நமக்குத் தந்த பெருந்தொழில் அது. உடுமலை நாராயணகவி முதல் நா. முத்துக்குமார் வரை அத்தொழிலின் நுட்பங்களை அறிந்தவர்கள் உண்டு. நீட்டிப் பாட வேண்டிய சுரத்தில் நெடில் வர வேண்டும். மெல்லின, இடையின ஒற்றுகளில் குரல் தங்கி இழையும், வல்லின ஒற்று வந்தால் ஒலி அடைபட்டுப்போகும். தாளத்தின் அழுத்தம் விழும் இடத்தில் சொல்லின் முதலசை வர வேண்டும். இவையெல்லாம் உண்மையான கல்வி. ஆனால் இது கட்டடத்தின் மேல்மாடி. சொல்லும் தாளமும் தன்னுடையவை என்ற உணர்வு முதலில் வந்த பிறகே, பிறர் போட்ட தாளத்தில் தன் சொல்லைப் பொருத்தும் வித்தை வர வேண்டும். அடித்தளமின்றி மேல்மாடியை மட்டும் மூன்று நாளில் கட்டித் தருகிறோம் என்றால், விழா முடிந்ததும் சரிவதற்குத்தான் அது கட்டப்படுகிறது.

சிங்கப்பூர்ப் பட்டறை ஒன்றில் நடந்ததாக நண்பர் ஒருவர் கூறியது நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அங்கே வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் திறந்த கூடமாக விடப்பட்டிருக்கும். அக்கம்பக்கத்தாரின் திருமணமும் அங்கே நடக்கும், இறப்புச் சடங்கும் அங்கேயே நடக்கும். தொடக்கப்பள்ளி மாணவி ஒருத்தி, தன் தாத்தாவைக் கிடத்தியிருந்த அதே கீழ்த்தளத்தில் மறுவாரம் மலாய்க்காரர் வீட்டுத் திருமணத்திற்கு விளக்குத் தோரணம் கட்டினார்கள் என்று எழுதியிருந்தாளாம். சந்தம் சற்று இடறியது, பேச்சுத்தமிழும் கலந்திருந்தது. சென்னையிலிருந்து சென்ற பயிற்றுநர் அவ்விரு அடிகளையும் அன்போடு அடித்துவிட்டுக் காவிரியையும் தென்றலையும் எழுதிக் கொடுத்தாராம். காவிரியைக் கண்ணால் கண்டிராத அக்குழந்தை, மேடையேறி அதைப் பாடிக் கைதட்டல் பெற்றாள்.

வாசகர்களே, அங்கே நடந்தது என்னவென்று எண்ணிப் பாருங்கள். கையறுநிலையும் மணவிழாவும் ஒரே ஊரில் எதிரெதிரே ஒலிப்பதைப் பாடிய சங்கப் புலவனின் பார்வை, இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒரு குழந்தையின் கண்ணில் தானாக வந்து நின்றது. புறநானூற்றை வகுப்பில் வரி வரியாக நடத்தும் நம்மவர் ஒருவர் அதைப் பிழை என்று திருத்தினார். அந்தக் குழந்தை அன்று கற்ற பாடம் இதுதான்: 'தமிழ் என்பது என் வீட்டுக் கீழே நடப்பதைச் சொல்ல உதவாது, அது சென்னையிலிருந்து வருவது.' நாம் தீங்கு என்று சொன்னது இதையே.

இத்தீங்கு சிறிதன்று. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில், 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். அதற்குப் பத்தாண்டு முன்னர் அது மூன்று விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அரசும் பள்ளியும் தேர்வும் துணை நிற்கிற நாட்டிலேயே நிலை இதுவென்றால், சனிக்கிழமை தோறும் வாடகைக் கட்டடத்தில் பெற்றோரே கூடி நடத்தும் அமெரிக்க, கனடியத் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வு முடிந்த பிறகும் ஒரு மொழி பிள்ளையிடம் தங்க வேண்டுமானால், அம்மொழியில் தனக்கென எதையாவது அது ஆக்கியிருக்க வேண்டும். மனப்பாடம் உதிர்ந்துவிடும், தானே கட்டிய பாட்டு உதிராது.

*

இனி, அந்நாடுகளில் பாட்டே இல்லையா என்று பார்ப்போம். சிங்கப்பூர் விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள், 1960களில், 'முன்னேறு வாலிபா' என்ற பாடல் அங்கே பிறந்தது. இன்றும் தேசிய நாளை ஒட்டி இனவேறுபாடின்றிப் பாடப்படுகிற தமிழ்ப்பாட்டு அது. அதை இயற்றிய ஜேசுதாசன் அங்கேயே வாழ்ந்த ஆசிரியர். சென்னையிலிருந்து யாரும் போய்ப் பட்டறை நடத்தியதால் அப்பாடல் வரவில்லை. தம் முன்னே இருந்த இளைஞர்களை நோக்கி, தம் நாட்டுக்காக, தம் தமிழில் ஒருவர் எழுதினார், நின்றுவிட்டது.

மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசுக் கல்வி முறைக்குள் இயங்குகின்றன. தமிழகத்திற்கும் இலங்கைக்கும் வெளியே இத்துணைப் பெரிய தமிழ்ப்பள்ளி அமைப்பு வேறெங்கும் இல்லை. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது, தமிழ்ச் சொல்லடுக்கு இசை எப்படியிருக்கும் என்பதைச் சென்னை அவர்களிடமிருந்துதான் கற்றது. இங்கே திரையிசை பின்னர் அவ்வழியைப் பின்பற்றியது. கற்பிக்கப் போகிறவர்கள் கற்றுக்கொள்ளவும் அங்கே ஏதோ இருக்கிறது என்பதை இது காட்டவில்லையா?

இன்னொன்று. காவடிச் சிந்து என்ற யாப்பு எங்கிருந்து வந்தது? காவடி சுமந்து நடப்பவனின் நடையிலிருந்து. அந்நடையை இலக்கியச் செழுமையுடன் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) பாட்டாக்கினார். அந்த நடை இன்றும் ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளிலும், சிங்கப்பூரில் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தண்டாயுதபாணி கோயில் வரை நீளும் சாலையிலும் உயிரோடு நடக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைக்குச் சிந்தின் தாளம் காலிலேயே இருக்கிறது. அதைத் தட்டி எழுப்புவதை விட்டுவிட்டுத் திரைமெட்டை ஒலிப்பேழையில் கொண்டுபோய்க் கொடுப்பது, கரும்புத் தோட்டத்திற்குச் சர்க்கரைப் பொட்டலம் கொண்டுபோவதற்கு ஒப்பானது.

2021இல் அறிவும் தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தபோது எல்லாரும் வியந்தோம். அப்பாட்டின் பின்னே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய ஒரு பாட்டியின் வாழ்க்கை இருக்கிறது. பேரன் பாட்டியிடம் கேட்டதிலிருந்து பாட்டு கிளைத்தது. சென்னையிலேயே 2017இல் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பேசியது. கபேர் வாசுகி பேச்சுத்தமிழில் எழுத, டி. எம். கிருஷ்ணா கருநாடக இராகங்களில் அதைப் பாடினார். பாட்டு காலுக்குக் கீழுள்ள நிலத்திலிருந்து எழுகிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள். பட்டறைகளில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதோ, 'உன் நிலத்தை மற. எங்கள் நிலாவைப் பாடு' என்பது.

*

இதெல்லாம் வெளியூர்க் கதை. நம் வீட்டு நிலவரம் என்ன?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்னும் இம்மூன்று பகுதிகளுக்குள் எத்தனை சபாக்கள், எத்தனை இசைப்பள்ளிகள்! மார்கழி வந்தால் எந்தத் தெருவில் திரும்பினாலும் கச்சேரி. அடையாற்றங்கரைப் பிராடி மாளிகையில் அரசு இசைக்கல்லூரி. சற்றுத் தெற்கே திருவான்மியூரில் கலாக்ஷேத்திரா. பாட விரும்பும் பிள்ளைக்குத் திறந்த வாசல்கள் நூறு. பாட்டெழுத விரும்பும் பள்ளிப் பிள்ளை எந்த வாசலைத் தட்டுவது? கண்ணதாசன் வாழ்ந்த ஹென்ஸ்மன் சாலைக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறோம். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரைப்போல் ஒரு பிள்ளை இன்று அச்சாலையில் நடந்து போனால் அதன் கையில் தாளும் எழுதுகோலும் கொடுத்து, 'உன் தெருவைப் பாடு' என்று சொல்ல அங்கே யாரேனும் உண்டா?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் யாப்பு இருக்கிறது, அலகிடுதல் இருக்கிறது. குறளைக் கொடுத்து அசை பிரித்து வாய்பாடு எழுதச் சொல்கிறோம்; பிள்ளைகள் தேமா, புளிமா என்று பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். அதே வாய்பாட்டை வைத்துத் தானாக ஓர் அடி கட்டச் சொன்னால் திகைத்து நிற்கிறார்கள். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்று உண்டு. பாடத்திட்டம் வகுத்தோரின் நோக்கம் நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி முன்கூட்டியே சமைத்த வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள் பிள்ளைகள். கண்டு எழுத வேண்டியதைக் காணாமலே எழுதுகிறார்கள்! கல்லூரியில் நம்மிடம் வரும் இளங்கலைத் தமிழ் மாணவர்களுள் பலர், தாமே கட்டிய ஒரு கண்ணியோ கும்மியோ கையில் இல்லாமல்தான் வருகிறார்கள்.

இலக்கணம் இல்லாமையால் இந்நிலை நேரவில்லை. புதுவை இரா. திருமுருகன் 'சிந்துப் பாவியல்' என்று இசைப்பாட்டுக்கே தனி இலக்கணம் வகுத்துத் தந்திருக்கிறார். சிந்து, கும்மி, ஆனந்தக் களிப்பு, கீர்த்தனை என்று பிள்ளைகள் விளையாட்டாய்க் கற்கத்தக்க வடிவங்கள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. வெண்பாவின் தளைக்கு அஞ்சி ஓடும் பிள்ளை, கைதட்டிக்கொண்டே கும்மி கட்டிவிடும். நாமோ காரிகையோடு நின்றுவிட்டோம். செய்யுளின் இலக்கணத்தைத் தேர்வுக்கு வைத்துக்கொண்டு பாட்டின் இலக்கணத்தைப் படியிறக்கிவிட்டோம்.

2006இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாகப் படிப்படியாக ஆக்கப்பட்டது. நல்லது. ஆயினும் சட்டத்தால் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் உட்கார வைக்கத்தான் இயலும். தமிழில் ஒன்றை ஆக்கிப் பார்க்கும் இன்பத்தை ஆசிரியர்தாம் தர வேண்டும். அந்த ஆசிரியருள் பாட்டறிந்தவர் பெட்டி கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கிறார். தம் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிக்குள் அவர் ஒருநாளும் நுழைந்ததில்லை. அங்கே பொன்னாடை இல்லை அல்லவா!

*

மறுப்புகள் வரும். அவற்றையும் நேர்மையாக எதிர்கொள்வோம்.

'ஒன்றுமே நடவாமல் இருப்பதற்கு இதாவது நடக்கட்டுமே' என்பர். மூன்று நாள் விழாவின் செலவில் பயணச்சீட்டும் விடுதியும் மண்டபமும் பெரும்பங்கை விழுங்குகின்றன. அதே தொகையைக் கொண்டு அவ்வூர்த் தமிழாசிரியர்களுக்கு ஓராண்டு பயிற்சியளிக்கலாம். ஆகவே இங்கே எதிரெதிரே நிற்பவை 'ஒன்றுமில்லாமை'யும் 'பட்டறை'யும் அல்ல. ஓர் ஆண்டும் ஒரு கிழமையும்.

'பெருங்கவிஞர் ஒருவரை நேரில் கண்டாலே குழந்தையின் மனத்தில் ஒரு பொறி விழும்' என்பர். விழும், மறுக்கவில்லை. தமிழ்ச் சங்கங்களின் அழைப்பை ஏற்றுக் கவிஞர்கள் கடல் கடப்பது பழைய மரபு. கண்ணதாசன் அவ்வாறு அமெரிக்கா சென்றிருந்தபோதுதான் 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் காலமானார். கவிஞர் செல்லட்டும்; பேசட்டும்; பாடட்டும்; பிள்ளைகள் கேட்டு மகிழட்டும். அதை விழா என்று அழையுங்கள், நாமும் வாழ்த்துகிறோம். கல்வி என்று அழைக்காதீர்கள். பொறி விழுந்தால் மட்டும் போதாது. அதை ஊதி வளர்க்க மறுவாரமும் அங்கே ஓர் ஆள் வேண்டும்.

'அங்கே தகுதியான ஆசிரியர் இல்லையே' என்பர். அப்பள்ளிகளில் கற்பிப்போருள் பலர் கணிப்பொறியாளர்கள், இல்லத்தரசிகள், முறையான தமிழ்ப்பட்டம் பெறாதவர்கள் என்பது உண்மை. அதனால் என்ன? பிள்ளையின் வீடும் தெருவும் உணவும் அச்சமும் அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. யாப்பை ஓராண்டில் கற்பித்துவிடலாம். அவ்வூரில் பத்தாண்டு வாழ்ந்த அறிவை நமக்கு யார் கற்பிப்பார்?

*

எதிர்ப்பதோடு நின்றுவிட நாம் விரும்பவில்லை. அழைப்போருக்கும் செல்வோருக்கும் ஐந்து வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, பிள்ளைகளுக்கு முன்னர் ஆசிரியர்களுக்குக் கற்பியுங்கள். சென்று வருபவர் அங்கே விட்டுவர வேண்டியது, தாம் இல்லாமலும் தொடரக்கூடிய ஒருவரை.

இரண்டு, பயணத்தைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள், முடிவாகக் கொள்ளாதீர்கள். மயிலாப்பூர் வீடுகளில் அமர்ந்தபடி இணையவழியே உலகெங்குமுள்ள பிள்ளைகளுக்கு வாரந்தோறும் வர்ணமும் கீர்த்தனையும் கற்பிக்கும் இசையாசிரியர் எத்தனையோ பேர். பாட்டுக் கற்பிக்க இயலும் ஊடகத்தில் பாட்டெழுதக் கற்பிக்க இயலாதா? குறைந்தது ஓராண்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒப்புக்கொள்ளாத எவரும் விமானம் ஏற வேண்டாம்.

மூன்று, முதல் ஆறு மாதம் திரைமெட்டு வேண்டாம். கைதட்டல், நடை, கயிறு தாண்டல், காவடி, பாட்டியின் தாலாட்டு ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். பனி பெய்யும் ஊரில் பனிச்செருப்பின் ஒலியே தாளமாகட்டும். மெட்டுக்கு எழுதும் வித்தை பின்னர் வரட்டும்.

நான்கு, பிள்ளையின் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், பொருளைத் திருத்தாதீர்கள். அது கண்ட கீழ்த்தளத்தை அழித்துவிட்டு நீங்கள் படித்த காவிரியை எழுதாதீர்கள். சந்தம் இடறினால் அதை மீண்டும் மீண்டும் உரக்கச் சொல்ல விடுங்கள். இடறலை அதன் காதே காட்டிக்கொடுக்கும்.

ஐந்து, இது சென்னைக்காரர்களான நமக்கு. அயல்நாட்டில் எத்தனை மணி நேரம் கற்பிக்கிறீர்களோ அத்தனை மணி நேரம் மயிலையிலோ அடையாற்றிலோ ஒரு மாநகராட்சிப் பள்ளியில் கற்பியுங்கள். உள்ளூர்ப் பிள்ளைக்குக் கும்மி கட்டக் கற்பித்துப் பாராதவர் உலகப் பிள்ளைகளுக்கு என்ன கற்பித்துவிட முடியும்?

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று, வேண்டுவது பொறுமை. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, தமிழில் பாடப் போதிய பாட்டு உண்டா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பாபநாசம் சிவனும் தூரனும் அவர்களைப்போல் பிறரும் எழுதிக் குவித்தே அதற்கு விடையிறுத்தார்கள். இன்று கேள்வி வேறு. தமிழில் பாட்டுகள் ஏராளம். பாட்டுக் கட்டத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? இக்கேள்விக்கு விழா மேடைகளும் சான்றிதழ்களும் விடையாகமாட்டா. அடுத்த மாதம் புறப்படவிருக்கும் நண்பர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அழைத்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நாம் இருமுறை கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். விடை வந்தால் மகிழ்ச்சியோடு போய் வாருங்கள். வராவிட்டால் பயணச்சீட்டைத் திருப்பியனுப்பிவிட்டு, உங்கள் தெருக்கோடிப் பள்ளியின் தலைமையாசிரியரைத் திங்கட்கிழமை காலை போய்ப் பாருங்கள்.